எங்க டீமிலேயே மகா மட்டமான கேப்டன் யாரு?

கிளீவ்லாண்டில் திங்கட்கிழமை மதியம் எங்கள் ஆபீஸ் கேன்டீன் எழவு வீடு மாதிரி இருக்கும். முந்தின நாள் பிரவுன்ஸ் தோற்றிருப்பார்கள். ஆணி எவ்வளவு இருந்தாலும் சரி, அந்த ஒரு மணி நேரம் மட்டும் யாரும் வேலையைப் பற்றிப் பேச மாட்டார்கள். சுற்றிச் சுற்றி ஒரே கேள்விதான். "நம்ம டீமில் இதுவரை ஆடினவன்களிலேயே மகா மட்டமான குவாட்டர்பேக் யாரு?"

அமெரிக்கக் கால்பந்து பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. (பேருதான் கால்பந்து. காலுக்கு அதில் வேலை கம்மி. அது வேற கதை.) ஒவ்வொரு முறை ஆட்டம் தொடங்கும்போதும் பந்து முதலில் குவாட்டர்பேக் கைக்குத்தான் வரும். யாருக்கு எறிவது, யாரிடம் கொடுப்பது எல்லாம் இரண்டு மூன்று விநாடிக்குள் அவன் தலையில். நம்ம கிரிக்கெட் கணக்கில் சொன்னால் கேப்டனையும் ஓப்பனிங் பேட்ஸ்மேனையும் ஒரே ஆளாகப் பிசைந்தது மாதிரி. ஜெயித்தால் மாலை, தோற்றால் செருப்பு.

பிரவுன்ஸ் டீம் 1995 சீசனோடு ஊரைவிட்டுப் போய், 1999ல் புது அவதாரம் எடுத்துத் திரும்பி வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை 40க்கும் மேற்பட்ட குவாட்டர்பேக்குகள் அந்த டீமுக்காக ஆட்டத்தைத் தொடங்கியிருக்கிறார்கள். 2023ல் ஒரே சீசனில் ஐந்து பேர். 2017ல் 16 ஆட்டம், 16 தோல்வி. அந்தச் சாதனையைக் கொண்டாட 2018 ஜனவரியில் ரசிகர்கள் ஸ்டேடியத்தைச் சுற்றி ஓர் ஊர்வலமே போனார்கள். உறையும் குளிரில் என் பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு நானும் போனேன். "சொந்தக் காசுல நிமோனியா வாங்கிட்டு வர்ற ஒரே ஆளு நீங்கதான்" என்றார் தங்கமணி.

அந்தப் பையன் இப்போது பிளஸ் ஒன் படிக்கிற வயசு. போன வாரம் காரில் வரும்போது கேட்டான். "அப்பா, உங்க ஊர்ல யாரு? வொர்ஸ்ட்டு?"

சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. ஆள் இல்லாமல் இல்லை. ஆள் அதிகம் :-)

சரி, கொசுவர்த்தியைச் சுற்றுவோம்.

எங்கள் ஊர் சித்தூர். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, கிரிக்கெட் ஸ்கோர் மட்டும் எந்த மொழி ரேடியோவில் வந்தாலும் சரி. 1911ல் வடஆற்காட்டிலிருந்து பிரித்து உண்டாக்கின ஜில்லா. 1953 அக்டோபர் 1 வரைக்கும் மதராஸ் மாகாணம், பிறகு ஆந்திரா. தாத்தா கோர்ட்டில் குமாஸ்தா. காட்பாடி வழியாக ரயிலேறி மதராஸ் போய் டெஸ்ட் மேட்ச் பார்த்துவிட்டு வருகிற பைத்தியம். ராஜ்யம் பிரிந்தபோது கச்சேரி மாறியது, கவர்மென்ட் முத்திரை மாறியது, தாத்தாவின் டீம் மட்டும் மாறவில்லை. ரஞ்சியில் மதராஸ் தோற்றால் இரண்டு நாள் சாப்பாடு இறங்காது. ஆந்திரா தோற்றால், "அப்படியா" என்பார். எந்த டீமைத் திட்டுகிறோமோ அதுதான் நம்ம டீம் என்பது அவரைப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

பிறகு 90களின் தொடக்கத்தில் எனக்குத் திருப்பதியில் இன்ஜினியரிங் படிப்பு, ஹாஸ்டல் வாசம். அங்கே ராத்திரி பத்து மணிக்கு மேல் மெஸ் வாசலில் இதே கச்சேரிதான். இந்தியாவின் மகா மட்டமான கேப்டன் யார்? தெலுங்குப் பசங்கள் ஸ்ரீகாந்தைச் சொல்வார்கள். நாங்கள் அசாருதீனைச் சொல்வோம். அவர்கள் வெங்கட்ராகவனை இழுப்பார்கள். எங்களுக்கு ரத்தம் கொதிக்கும். கிட்டத்தட்ட மாநில எல்லைத் தகராறு மாதிரி.

அவர்கள் தரப்பிலும் சரக்கு இருந்தது, ஒத்துக்கொள்ள வேண்டும். வெங்கட் தலைமையில் 1979 உலகக்கோப்பையில் மூன்று ஆட்டமும் தோல்வி. அதில் ஒன்று, அன்றைக்கு டெஸ்ட் தகுதிகூட இல்லாத இலங்கையிடம். ஸ்ரீகாந்த் 1989ல் பாகிஸ்தான் போன டூரில் பேட்டிங்கில் சொதப்பினார். ஆனால் நான்கு டெஸ்டையும் தோற்காமல் திரும்பினார் என்பதை அந்தப் பசங்கள் சௌகரியமாக மறந்துவிடுவார்கள். அதற்குப் பரிசு, பதவி பறிபோனதுதான். வெங்கட் கதை இன்னும் கொடுமை. அதே 1979ல் ஓவல் டெஸ்டில் 438 ரன் இலக்கைத் துரத்தி, கவாஸ்கர் 221 அடித்து, 429க்கு 8 என்று வெற்றியின் வாசல்வரை போய் நின்ற டீமின் கேப்டன் அவர். ஊர் திரும்பும் விமானத்திலேயே, இனி கவாஸ்கர்தான் கேப்டன் என்று அறிவிப்பு வந்ததாகச் சொல்வார்கள்.

அசார் மட்டும் என்ன? 1991-92ல் ஆஸ்திரேலியாவில் 0-4. ஹாஸ்டலில் தமிழ்ப் பசங்களுக்கு அன்றைக்குத் தீபாவளி. ஆனால் 1993 தொடக்கத்தில் அதே அசார் இங்கிலாந்தை 3-0 என்று வழித்துத் துடைத்தார். அதில் ஒன்று மெட்ராஸிலேயே. எங்கள் வாய் அடைத்துப்போனது. ஒரே ஆள், ஒரு வருஷ இடைவெளி. நேற்றைக்கு மகா மட்டம், இன்றைக்கு மகா கெட்டி.

ஒரு தடவை லீவில் சித்தூர் வந்தபோது தாத்தாவிடம் தீர்ப்பு கேட்டேன். வெற்றிலையை ஓரம் கட்டிவிட்டு ஒரே பேர் சொன்னார். "விஸ்ஸி. மத்தவங்க எல்லாம் தோத்தவங்கடா. அவன் வேற."

விஸ்ஸி என்றால் விஜயநகரம் மகாராஜ்குமார். ஹம்பி விஜயநகரம் இல்லை, விசாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் இருக்கிற விஜயநகரம். 1905ல் பிறந்த இளவரசர். பணம் உண்டு, கிரிக்கெட் ஆசை அதைவிட உண்டு, ஆட்டம் மட்டும் சுமார். 1930-31ல் ஜாக் ஹாப்ஸ், ஹெர்பர்ட் சட்கிளிஃப் என்ற இரண்டு இங்கிலாந்து சூரர்களை வரவழைத்துத் தன் சொந்த டீமில் ஆட வைத்து ஊர் ஊராகக் கூட்டிப்போனவர். (நம்ம ஐபிஎல் முதலாளிகளுக்கெல்லாம் மூதாதையர்.) அவர் பிறந்து வளர்ந்த காலத்தில் விஜயநகரமும் சித்தூரும் ஒரே மதராஸ் மாகாணம். ஆகவே அவரைத் தெலுங்குப் பசங்கள் தலையில் மட்டும் கட்டிவிட்டு நாம் நழுவ முடியாது.

1932ல் இந்தியா முதல் டெஸ்ட் ஆடியபோது நடந்ததை முதலில் சொல்ல வேண்டும். அந்த டூருக்குக் கேப்டன் போர்பந்தர் மகாராஜா. அவருக்கும் ஆட்டம் வராது. ஆனால் அது தனக்கே தெரியும் என்பதுதான் அவர் பெருமை. லார்ட்ஸில் டெஸ்ட் என்றதும் ஒதுங்கிக்கொண்டு சி.கே. நாயுடுவிடம் தலைமையைக் கொடுத்தார். தகுதியில்லாமல் பதவிக்கு வந்தவர்கள் எல்லோரும் அவர் மாதிரி இருந்துவிட்டால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

1936 இங்கிலாந்து டூரில் விஸ்ஸி ஒதுங்கவில்லை. பட்டோடி நவாப் விலகிக்கொள்ள, வாரியத்தில் ஆதரவு திரட்டி, வாக்கெடுப்பில் கேப்டன் ஆனவர் அவர். சி.கே. நாயுடு என்ற மலை அதே டீமில் வெறும் ஆட்டக்காரராக நின்றது. மூன்று டெஸ்டிலும் விஸ்ஸி ஆடினார். மொத்தம் 33 ரன், சராசரி 8.25. அந்த டூரின் நடுவிலேயே அவருக்கு 'சர்' பட்டமும் கிடைத்தது. தொடர் 0-2.

தோல்விகூடப் பரவாயில்லை. டீமையே அவர் இரண்டாகக் கிழித்தார். லாலா அமர்நாத் அந்த டூரில் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தார், எஸ்ஸெக்ஸுக்கு எதிராக இரண்டு இன்னிங்ஸிலும் சதம் அடித்தவர். ஒரு ஆட்டத்தில் பேடைக் கட்டிக்கொண்டு தன் முறைக்காகக் காத்திருந்தவரை உட்காரவைத்துவிட்டு, வரிசையில் மற்றவர்களை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். அமர்நாத் கோபத்தில் வெடித்தார். ஒழுங்கீனம் என்று குற்றம் சாட்டி முதல் டெஸ்டுக்கு முன்பே கப்பலேற்றிவிட்டார்கள். மான்செஸ்டரில் மெர்ச்சன்ட்டும் முஷ்டாக் அலியும் 203 ரன் ஓப்பனிங் கூட்டணி போட்டார்களே, அந்த ஆட்டத்தில் மெர்ச்சன்ட்டை ரன் அவுட் ஆக்கினால் தங்கக் கடிகாரம் தருவதாக முஷ்டாக்கிடம் விஸ்ஸி சொன்னார் என்று ஒரு கதை உண்டு. சொந்த டீமின் ஓப்பனரை! இப்படி ஒரு கதை நம்பும்படி இருக்கிறது என்பதே அந்த டீமின் லட்சணத்துக்குச் சாட்சி.

டூர் முடிந்ததும் பம்பாய் ஹைகோர்ட் தலைமை நீதிபதி ஜான் பியூமாண்ட் தலைமையில் விசாரணை நடந்தது. 1937 ஜனவரியில் அறிக்கை வந்தது. அமர்நாத் மேல் தப்பில்லை, விஸ்ஸிக்கு ஃபீல்டிங் நிறுத்தவும் தெரியவில்லை, பௌலிங் மாற்றவும் தெரியவில்லை என்று போட்டு உடைத்தது. ரசிகர்கள் டீக்கடையில் பேசுகிற பேச்சு நீதிபதி கையெழுத்தோடு வந்தது அந்த ஒரு தடவைதான் இருக்கும்.

இதுவரை சொன்னது பலருக்கும் தெரிந்த கதை. தாத்தா கோபப்பட்டது இதற்காக இல்லை. அவர் கோபத்துக்குப் பேர் எம்.ஜே. கோபாலன்.

செங்கல்பட்டுப் பக்கம் மொறப்பாக்கத்துக்காரர். 1934 நவம்பர் 4ம் தேதி சேப்பாக்கத்தில் மதராஸும் மைசூரும் மோதின முதல் ரஞ்சி ஆட்டத்தில் முதல் பந்து போட்டவர். அதே வருஷ ஜனவரியில் கல்கத்தாவில் இந்தியாவுக்கு டெஸ்ட் ஆடியவர். ஹாக்கியிலும் சூரர், 1935ல் தியான்சந்த் டீமோடு நியூசிலாந்து போனவர். 1936ல் அவர் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. பெர்லின் ஒலிம்பிக்ஸ் ஹாக்கி ஒருபக்கம், இங்கிலாந்து கிரிக்கெட் டூர் மறுபக்கம். அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார்.

1936 ஆகஸ்ட் 15. பெர்லினில் இந்திய ஹாக்கி டீம் ஜெர்மனியை 8-1 என்று நசுக்கித் தங்கம் வாங்கியது. அதே நாள் லண்டன் ஓவலில் மூன்றாவது டெஸ்ட் தொடங்கியது. கோபாலன் அதில் இல்லை. அந்தத் தொடரில் ஒரு டெஸ்ட்கூட அவருக்குத் தரப்படவில்லை. ஓவலில் புதிதாக இடம் கிடைத்தது பாகா ஜிலானிக்கு. முந்தின நாட்களில் காலைச் சாப்பாட்டு மேசையில் சி.கே. நாயுடுவை அவமதித்ததற்குப் பரிசாகத்தான் அந்த இடம் என்று கிரிக்கெட் உலகில் இன்றைக்கும் பேச்சு. கோபாலனுக்கு அதற்குப் பிறகும் டெஸ்ட் வாய்ப்பு வரவில்லை. 2003ல் காலமானபோது அவர் கணக்கில் ஒரே ஒரு டெஸ்ட். கழுத்தில் ஏறாத ஒலிம்பிக் தங்கம் ஒன்று.

"அந்தப் புள்ள ஹாக்கிக்கே போயிருக்கலாம்டா" என்று தாத்தா அறுபது வருஷம் கழித்தும் சொந்த வீட்டுப் பிள்ளைக்குப் படிப்பு வராமல் போனது மாதிரி அங்கலாய்த்தார்.

அதே டீமில் இன்னொரு மதராஸ்காரர், கோட்டா ராமசாமி. தென்னிந்திய கிரிக்கெட்டின் தந்தை எனப்படும் புச்சிபாபு நாயுடுவின் மகன். டென்னிஸில் இந்தியாவுக்காக டேவிஸ் கோப்பையும் ஆடியவர். 40 வயசில், மான்செஸ்டரில், முதல் டெஸ்ட். 40 ரன்னும் 60 ரன்னும். ஓவலில் 29, ஆட்டமிழக்காமல் 41. இரண்டு டெஸ்டில் சராசரி 56க்கு மேல். கேப்டனுடைய சராசரியைப் போல ஏழு மடங்கு! அத்தோடு அவர் டெஸ்ட் வாழ்க்கையும் முடிந்தது.

பிரவுன்ஸ் ரசிகர்களுக்கு இந்த வலி நன்றாகவே புரியும். ஜோ தாமஸ் என்று ஒருவர். குவாட்டர்பேக்கை எதிரிகள் வந்து மிதிக்காமல் காக்கிற வேலை. 2007லிருந்து 2017வரை, தொடர்ச்சியாக 10,363 முறை, ஒன்றுகூட விடாமல் களத்தில் நின்றார். அவர் காத்த குவாட்டர்பேக்குகள் மட்டும் 20 பேர். ஒரு பிளே-ஆஃப் ஆட்டம்கூட ஆடாமல் ஓய்வு பெற்றார். பிறகு 2023ல் மண்டபத்தில் சிலை வைத்துக் கௌரவித்தார்கள். நம்ம கோபாலனுக்கு அதுவும் இல்லை என்று சொல்ல மாட்டேன். மதராஸும் சிலோனும் வருஷா வருஷம் ஆடின கோப்பைக்கு அவர் பேரை வைத்தார்கள்.

இதையெல்லாம் காரில் சொல்லிக்கொண்டு வந்தேன். பையன் கேட்டுக்கொண்டே வந்து ஒரு கேள்வி போட்டான். "சரிப்பா, அவருக்கு ஓட்டுப் போட்டது யாரு?"

நாங்கள் ஹாஸ்டலில் நான்கு வருஷம் கத்தினோம். இந்தக் கேள்வியை ஒருத்தன் கேட்கவில்லை.

யோசித்துப் பார்த்தால், விஸ்ஸி தானாகப் போய் டாஸ் போடவில்லை. போட்டது ஒரு வாரியம். அந்த வாரிய உறுப்பினர்கள் பேர் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? அறிக்கை வந்து மானம் போன பிறகும், 1954லிருந்து 1956வரை அதே வாரியத்துக்கு விஸ்ஸியே தலைவர்!

1958-59ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வெஸ்ட் இண்டீஸோடு ஐந்து டெஸ்ட், நான்கு கேப்டன்கள். உம்ரிகர், குலாம் அகமது, வினூ மங்கட், ஹேமு அதிகாரி. மெட்ராஸ் டெஸ்டுக்கு முந்தின நாள், அணித் தேர்வில் வாரியத் தலைவரோடு மூண்ட தகராறில் உம்ரிகர் ராஜினாமா செய்தார். விடிந்தால் ஆட்டம்! தாத்தா அந்த மேட்ச்சுக்குப் போயிருந்தார். அன்றைக்கு டெஸ்ட் சேப்பாக்கத்தில் இல்லை, கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில். மைதானத்துக்குள் போகிறவரைக்கும் யார் டாஸ் போடப் போகிறார்கள் என்றே தெரியாது என்பார். தொடர் 0-3. ஜனங்கள் திட்டியது அந்த நான்கு பேரை. நான்கு பேரை மாற்றி மாற்றி நிறுத்தின கை எதுவென்று யாரும் பார்க்கவில்லை. பிரவுன்ஸின் 40 குவாட்டர்பேக் கதையும் இதுதானே? வந்தவன் போனவன் பேரெல்லாம் ரசிகனுக்கு மனப்பாடம். தேர்ந்தெடுத்தவன் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருப்பான்.

இது பழங்கதை என்று நினைத்தால், 2024 பிப்ரவரிக்கு வாருங்கள். இந்த முறை சங்கதி எங்கள் திருப்பதிக்கே வருகிறது.

ஆந்திரா 1953-54ல் ரஞ்சிக்குள் நுழைந்தபோது அதன் கேப்டன், 58 வயசு சி.கே. நாயுடு. அப்படிப்பட்ட ஆரம்பம். அந்த நாற்காலியில் 2024 ஜனவரியில் இருந்தவர் ஹனுமா விஹாரி. 2021 சிட்னியில் தொடைத்தசை கிழிந்த காலோடு 161 பந்து நின்று டெஸ்டைக் காப்பாற்றினாரே, அவர்தான். கூட நின்ற அஷ்வின் அவரிடம் தமிழில் பேசினது ஸ்டம்ப் மைக்கில் கேட்டு நாம் எல்லோரும் துள்ளினோமே! 2023ல் இந்தூரில் மணிக்கட்டு உடைந்த பிறகு இடது கை ஆட்டக்காரராக மாறி நின்று ஆடியவரும் இவர்தான்.

பெங்கால் ஆட்டத்துக்குப் பிறகு அவர் கேப்டன் இல்லை. சொந்தக் காரணம் என்றார்கள். சீசன் முடிந்த அன்று விஹாரி எழுதினார். டீமின் 17வது ஆட்டக்காரரை அதட்டினதாகவும், அவர் அரசியல்வாதியான தன் அப்பாவிடம் சொன்னதாகவும், அப்பா சங்கத்திடம் சொன்னதாகவும், அதனால் தன்னை விலகச் சொன்னதாகவும். அந்த அப்பா திருப்பதி மாநகராட்சி உறுப்பினர் என்று பத்திரிகைகள் எழுதின. அந்த இளைஞர் இதை மறுத்தார், தன்னிடம் பேசின பேச்சுதான் தப்பு என்றார். சங்கமும் விஹாரியின் வசைச்சொற்கள் பற்றிப் புகார் வந்தது, விசாரிக்கிறோம் என்றது. அந்த அறைக்குள் நான் இல்லை, தீர்ப்பு சொல்ல எனக்கு யோக்கியதையும் இல்லை. ஆட்சி மாறின பிறகு விஹாரி ஆந்திராவுக்கே ஆடுகிறேன் என்றார். 2025ல் திரிபுராவுக்குப் போய்விட்டார்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. ஒரு டீமின் கேப்டன் யார் என்பதை மாநில ஆட்சி மாற்றத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறதே, அதுதான். 1936ல் ராஜா, 2024ல் கட்சி. சித்தூரில், மதனப்பள்ளியில், திருப்பதியில் விடிகாலை நெட்டுக்கு ஓடுகிற பையன் இதைப் பார்த்து என்ன கற்றுக்கொள்வான்? கோபாலனுக்கு 1936ல் கிடைத்த பாடம்தான்.

தாத்தா இப்போது இல்லை. இருந்திருந்தால் பேரன் மகனின் கேள்விக்கு வெற்றிலைப் பெட்டியையே பரிசாகக் கொடுத்திருப்பார். அவர் விஸ்ஸியை "அவன் வேற" என்று ஏன் பிரித்துச் சொன்னார் என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. வெங்கட்டும் ஸ்ரீகாந்தும் அசாரும் ஆட்டத்தால் அந்த இடத்துக்கு வந்து ஆட்டத்தில் தோற்றவர்கள். தோற்பது குற்றமில்லை. ஆட்டத்தால் வராமல் வந்து உட்காருவது வேறு. உட்காரவைப்பது அதையும்விட வேறு.

இந்தத் திங்கட்கிழமை கேன்டீனில் வழக்கம்போல எழவு. பட்டியல் ஓடியது. என் முறை வந்ததும் ஒரு குவாட்டர்பேக் பேரும் சொல்லவில்லை. தயிர்சாத டப்பாவை மூடிவிட்டு, என் பையன் கேட்ட கேள்வியை அப்படியே ஆங்கிலத்தில் கேட்டேன். ஒரு நிமிஷம் மேசை அமைதியானது. பிறகு பாருங்கள், டீம் முதலாளியில் ஆரம்பித்து, 1999லிருந்து ஆள் எடுத்த ஒவ்வொரு மேனேஜர் பேரும் வெளியே வந்தது. மதியம் இரண்டு மணி மீட்டிங்குக்கு ஆறு பேர் லேட்.

"உங்க ஊர்ல யாரு?" என்று என் பையன் கேட்ட மாதிரி நானும் உங்களைக் கேட்கிறேன். ஜாஃப்னா சென்ட்ரல் பழைய மாணவர்கள், கோலாலம்பூர் ஹாக்கிக்காரர்கள், சேப்பாக்கம் கேலரி ஆட்கள், எல்லோரும் ஆளுக்கொரு பேர் வைத்திருப்பீர்கள். சொல்லுங்கள். கூடவே, அவரை அங்கே நிறுத்தினது யார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.